எம்எல்ஏவுக்கு ஒரு கண்ணாடி மாளிகை

கொரோனா ஓய்ந்து, கடைகண்ணிகள் பழையபடி திறந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். அப்போது நாங்கள் மைசூரில், அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே மொட்டை மாடி. அப்பா, அம்மா, நான். அப்பாவுக்குச் சொந்த ஊர் ஹனூர் பக்கம் ராமாபுரம். சின்ன வயதிலேயே மைசூருக்கு வந்து, கூலிக்கு நின்று வேலை கற்று, பிறகு சொந்தமாக அலுமினியம் கடை போட்டவர். ஜன்னல், கொசுவலைக் கதவு எல்லாம் செய்வார் என்றாலும் ஷோகேஸ்தான் அவருடைய கைக்குப் பேர் வாங்கித் தந்தது. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஹாலில், பின்னால் கண்ணாடி பதித்து, உள்ளே பொம்மையும் பரிசுக் கோப்பையும் வைத்த ஷோகேஸ் நிற்கிறதே, அதெல்லாம் அப்பா செய்ததுதான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் நீளம். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிட்டு, பிறகு உட்கார்ந்து வருத்தப்படுகிற ஜாதி. அந்த வருஷம் அப்படித்தான் ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ராமாபுரத்திலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பதினைந்து பேர் வேன் பிடித்து வந்து கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு முடித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கெல்லாம் போக வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னதும், "அப்ப எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அப்பா அதற்கு முன்பே அவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

அன்றைக்கு என்னோடு பேச்சை நிறுத்தியவர்தான். திட்டவில்லை, அடிக்கவில்லை. பேச்சு இல்லை, அவ்வளவுதான். என்ன சொல்ல வேண்டுமானாலும் அம்மா வழியாக. இரண்டு அறை வீட்டில் மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவோம். "உன் மவ ரசம் ஊத்திக்கிட்டாளான்னு கேளு" என்பார். ரசப் பாத்திரம் என் கையில் இருக்கும். அம்மா என்னைப் பார்த்து, "ஊத்திக்கிட்டியாடி?" என்பாள். நான் அம்மாவைப் பார்த்து, "ஊத்திக்கிட்டேன்னு சொல்லும்மா" என்பேன். முதல் மாதம் சிரிப்பாகக்கூட இருந்தது. ஏழு மாதம் ஆனபோது சிரிப்பெல்லாம் போய்விட்டது. அப்பா என்னைப் "பாப்பா" என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று படுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கிளினிக்குக்கு வரும் ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தார். தான் வளர்த்து வந்த பச்சோந்திக் குட்டியை யாராவது நல்லவர்களிடம் சேர்த்துவிடுங்கள் என்று டாக்டர் மேடத்திடம் விட்டுப் போனார். நம் ஊர்க் காட்டுப் பச்சோந்தி இல்லை. அதைப் பிடித்து வளர்த்தால் ஜெயில்தான். இது ஏமன் பக்கத்து ஜாதி, முறையாகப் பதிவு செய்த காகிதங்களோடு வந்தது. நாலு மாதக் குட்டி. என் நடுவிரல் நீளம் உடம்பு, அதே நீளம் சுருட்டிய வால், தலையில் சின்னதாக ஒரு குல்லா. ஒரு கண் என்னைப் பார்க்க, இன்னொரு கண் மின்விசிறியைப் பார்த்தது. இளந்தளிர்ப் பச்சை. என் விரலில் ஏறி, எடுத்து வைப்பதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து ஒவ்வொரு காலாக வைத்தது. நான் அதிலேயே மயங்கிவிட்டேன். மேடம் காகிதங்களை என் பேருக்கு மாற்றித் தர ஒத்துக்கொண்டார். குட்டியோடு வந்த வலைக்கூடு சின்னது, ஜிப்பும் பிய்ந்திருந்தது. நல்ல பெரிய கூண்டு தயாரான பிறகு கொண்டுபோ, அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்றார். கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். அந்தத் தாள் என் கைப்பையில் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தப்பு முழுக்க என்னுடையது.

வீட்டில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். காட்டு ஜந்து என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அப்பா பயந்துவிட்டார். அவர்கள் ஊர் காட்டோரம். விறகு பொறுக்கப் போனாலே காட்டு இலாகாக்காரர்களுக்குப் பதில் சொல்லி வளர்ந்தவர். அம்மா வழியாகவே பத்துக் கேள்வி கேட்டார். காகிதங்களை நான் அம்மாவிடம் கொடுக்க, அம்மா அவரிடம் கொடுக்க, முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடங்கினார். கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா, "அய்யோ, மனேலி கோசும்பே சாக்தாரா?" என்று கன்னத்தில் கை வைத்தார். வீட்டில் யாராவது பச்சோந்தி வளர்ப்பார்களா என்கிறார். நிமிஷத்துக்கு ஒரு நிறம் மாறுகிறதே, நம்ம எம்எல்ஏ மாதிரி என்று அம்மா சொல்லப்போக, அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

கூண்டு செய்ய ஆள் பார்க்க வேண்டும் என்று நான் சொன்ன அன்று அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து நேராக என் முன்னால் நின்றார். அம்மாவைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு ஒசரம் வேணும் பாப்பா?"

ஏழு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் நேராகக் கேட்ட முதல் வார்த்தை அது. கைப்பையில் தாள் இருக்கிறது, எடுத்து நீட்டியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "உங்களுக்குத் தெரியாததாங்கப்பா, நீங்களே பாத்துச் செய்யுங்க" என்றேன். வாய் நீளமானவளுக்கு அன்றைக்குப் பார்த்து அடக்கம் வந்துவிட்டது!

பத்து நாள் சாயங்காலம் கடையைச் சாத்திய பிறகும் அங்கேயே இருந்து வேலை பார்த்தார். எங்களைக் கடைப்பக்கமே வரவிடவில்லை. பதினோராம் நாள் இரண்டு ஆட்கள் போர்வை போட்டு மூடிய ஒன்றைப் படியில் திருப்பித் திருப்பித் தூக்கி வந்து ஹாலில் வைத்தார்கள். அப்பா போர்வையை உருவினார்.

ஷோகேஸ். அதுவரை அவர் செய்ததிலேயே அழகான ஷோகேஸ். மூன்று பக்கமும் பளபளவென்று கண்ணாடி, முன்னால் பூட்டுச் சாவியோடு ஸ்லைடிங் கதவு. ஓரங்களில் பொன் நிறப் பட்டை. உள்ளே நீல விளக்கு, பச்சை விளக்கு. தரையில் பாத்ரூம் டைல்ஸ். பிளாஸ்டிக் ரோஜாக் கொடி, ஒரு பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர். பின்பக்கம் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி. கீழ்வீட்டு அம்மாகூட மேலே வந்து பார்த்து, இதில் கோசும்பே எதற்கு, கிருஷ்ணர் பொம்மை வைக்கலாமே என்றார்.

நான் மேடம் எழுதிய தாளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டி கூடாது, நாலு பக்கமும் காற்றோடும் வலை வேண்டும். கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தால் இன்னொரு பச்சோந்தி சண்டைக்கு வந்திருக்கிறது என்று பயப்படும், கூடவே கூடாது. கிண்ணத்தில் வைக்கிற தண்ணீரைக் குடிக்கத் தெரியாது, இலையில் சொட்ட வேண்டும். பிளாஸ்டிக் இலை வேண்டாம், நிஜச் செடி வேண்டும். எதையெல்லாம் கூடாது என்று எழுதியிருந்தாரோ அதையெல்லாம் அப்பா தேடித் தேடிப் பண்ணியிருந்தார்.

"பின்னால கண்ணாடி எதுக்கு வெச்சேன்னா," என்றார் அப்பா, என்னைப் பார்த்து, "ஒத்தைல கெடக்குறமேன்னு அதுக்குத் தோணக் கூடாது பாரு. ரெண்டு பேரு இருக்குற மாதிரி இருக்கும். புடிச்சிருக்குதா பாப்பா?"

ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொன்னேன்.

வேறு என்ன சொல்வது என்று இப்போது கேட்கலாம். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அவர் ஏழு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் அந்தப் பெட்டியில் போட்டு அடைத்துக் கொண்டுவந்த மாதிரி எனக்கு இருந்தது. இது சரியில்லை என்று நான் வாயைத் திறந்தால் அந்த முகம் மறுபடி மூடிக்கொள்ளும். ஒரு வாக்கை எல்லார் முன்னாலும் தட்டிவிட்டவள் இரண்டாவது தடவையும் தட்டுவதா? மறுநாள் எம்எல்ஏவைக் கொண்டுவந்து உள்ளே விட்டேன்.

உள்ளே போனதும் கண்ணாடியில் தன்னைப் பார்த்தது. உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, கழுத்தை உப்பிக்கொண்டு, புஸ்ஸென்று சீறியது. பச்சை போய்க் கரும்பழுப்பு ஏறியது. அப்பாவுக்கு ஒரே குஷி. பாரு, எப்படி நிறம் மாத்திக் காட்டுது, நண்பன் கிடைச்சுட்டான்னு சந்தோஷம் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து எனக்கு இரட்டை வாழ்க்கை. காலையில் அப்பா கடைக்குப் போனதும் எம்எல்ஏவை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அங்கே அம்மாவின் செம்பருத்தித் தொட்டி இருந்தது. அதில் ஏற்றிவிட்டு, பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு இலைமேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவேன். சொட்டு விழுகிற இலையின் நுனியில் வாயை வைத்து அது குடிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கால் மணி நேரத்தில் பழுப்பு கரைந்து பச்சை வந்துவிடும். வெட்டுக்கிளி ஒன்றைக் காட்டினால், நாக்கு போய் வந்தது கண்ணுக்கே தெரியாது, வெட்டுக்கிளி மட்டும் இருக்காது. ஒன்பதரைக்கு நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரம் வந்ததும் அதைக் கொண்டுபோய்த் திரும்பக் கண்ணாடிப் பெட்டியில் விடும்போது என் விரலை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நகமாக நான் பிரித்து எடுப்பேன்.

அம்மாவுக்குத் தெரியும். ஏண்டி, அப்பாகிட்டச் சொல்லிடேன் என்றாள். நீ சொல்லேம்மா என்றேன். ஏழு மாதமாக உங்கள் இரண்டு பேருக்கும் தபால்காரி வேலை பார்த்தது போதும், இதை நீயேதான் சொல்ல வேண்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிளினிக்கில் மேடம் கூண்டு எப்படி என்று கேட்கும்போதெல்லாம் செம்பருத்தியில் உட்கார்ந்திருக்கிற போட்டோவைக் காட்டிச் சமாளித்தேன். வீட்டில் ஒரு பொய், வேலையில் ஒரு பொய்.

தசரா வந்தது. மைசூரில் தசரா என்றால் யாருக்கும் வேலை ஓடாது. அப்பா கடையை மூன்று நாள் மூடிவிட்டு வீட்டிலேயே இருந்தார். ராமாபுரத்திலிருந்து அத்தை தன் இரண்டு பிள்ளைகளோடு ஊர்வலம் பார்க்க வந்து இறங்கினாள். ஹாலில் எந்நேரமும் ஆள். எம்எல்ஏவை மாடிக்குக் கொண்டுபோக வழியே இல்லை. அத்தையின் பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டித் தட்டி, எந்தக் கட்சி நீ, எந்தக் கட்சி நீ என்று கேட்டுச் சிரித்தார்கள். இன்னொரு நிறம் மாத்தச் சொல்லுக்கா என்றார்கள். அப்பா எல்லோருக்கும் ஸ்லைடிங்கைத் திறந்து மூடிக் காட்டினார். ஆயுத பூஜையன்று கடைக் கருவிகளுக்குப் பூஜை முடித்துவிட்டு வந்து, வீட்டில் ஷோகேஸுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு முழம் சாமந்தி சாத்தினார். உள்ளே எம்எல்ஏ பிளாஸ்டிக் கொடியைப் பிடித்தபடி ஒரு மூலையில் ஒண்டியிருந்தது. கிட்டத்தட்டக் கறுப்பு. பட்டப்பகலில் கண் மூடியிருந்தது. கண்கள் உள்ளே போய்க் குழி விழுந்திருந்தன.

அன்றைக்கு எங்கள் கிளினிக்கிலும் பூஜை. பொரியும் கடலையும் வாங்கப் போனபோது மேடத்திடம் பொய் போட்டோவைக் காட்டாமல், அன்று காலை கண்ணாடிக்கு வெளியிலிருந்து எடுத்ததைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. கண் இப்படிக் குழி விழுந்தால் உடம்பில் தண்ணீரே இல்லை என்று அர்த்தம், பகலில் கண் மூடினால் கடைசிக் கட்டம், இதை இங்கிருந்து உடனே வெளியே எடு, இல்லாவிட்டால் ஓரிரு நாள்தான் என்றார். பிறகு, இது கண்ணாடிப் பெட்டிதானே, நான் எழுதிக் கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் பொரிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலமே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். வந்து பார்த்தால் அப்பா அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார், "எம் பொண்ணுக்குன்னு செஞ்சது, காசுக்குச் செஞ்ச எதுலயும் இந்த வேலைப்பாடு வராது." அந்த அத்தை, நான் வேண்டாம் என்று சொன்ன வரனைக் கொண்டுவந்த அதே அத்தை. ஒரு சின்ன உயிர் சாகப்போகிறது என்று தெரிந்தும் நான் சும்மா இருந்தேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் விஜயதசமி. மதியம் யானை ஊர்வலம். காலையிலேயே எல்லோரும் இடம் பிடிக்கக் கிளம்பினார்கள். நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். படியில் கடைசிக் காலடிச் சத்தம் அடங்கியதும் எழுந்து ஓடினேன். எம்எல்ஏ என் கையில் ஏறக்கூட இல்லை, நான்தான் அள்ளி எடுத்தேன். செம்பருத்தியில் வைத்தால் நழுவியது. ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதன் மூக்கின்மேல் சொட்டு விட்டேன். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, ஒன்றும் இல்லை. குடிடா, குடிடா சாமி என்று புலம்பிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு வாய் மெல்லத் திறந்தது. ஒரு சொட்டு உள்ளே போனது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வெயில் ஏறி, தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, மத்தியானம் வரைக்கும் அதன் பக்கத்திலேயே இருந்தேன். தூரத்தில் அரண்மனைப் பக்கம் பாண்டு சத்தம் கேட்டது. எம்எல்ஏ இரண்டு கண்ணையும் திறந்து, ஒரு கிளையைத் தானாகப் பிடித்து, மெதுவாக மெதுவாகப் பச்சைக்கு வந்தது. கழுத்தோரம் இளமஞ்சள் கோடுகூடத் தெரிந்தது. அப்போது பின்னால் செருப்புச் சத்தம். அப்பா. கூட்டத்தில் நிற்க முட்டி ஒத்துழைக்கவில்லை, தன் இடத்தை அத்தைக்கு விட்டுவிட்டு டீ குடிக்க வீட்டுக்கு வந்திருக்கிறார்.

செம்பருத்தியையே பார்த்தார்.

"இது எங்கிருந்து வந்துச்சு? இன்னொண்ணு வாங்கியாந்தியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா எம்எல்ஏவைப் பச்சையாகப் பார்த்தது முதல் நாள் ஒரு நிமிஷம்தான். அதன்பிறகு அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கறுப்புதான். "இது நம்ம எம்எல்ஏதாங்கப்பா" என்றேன். அதற்குமேல் என்னால் நிறுத்த முடியவில்லை. கண்ணாடி, விளக்கு, கிண்ணம், மேடம் சொன்னது, தினமும் மாடிக்குத் தூக்கி வந்தது எல்லாம் கொட்டிவிட்டேன். அப்பா நடுவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வண்டிக் கண்ணாடியில் குருவி கொத்துமே, அந்த மாதிரியா? ஆமாம், அதேதான், ஆனால் குருவி பறந்து போய்விடும், இதற்குப் போக இடமில்லை என்றேன். அவர் திரும்பிக் கீழே இறங்கிப் போனார்.

முடிந்தது என்று நினைத்தேன். மறுபடி அம்மா வழியாகத்தான் இனி எல்லாம். கீழே போய்ப் பார்த்தபோது ஷோகேஸின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். சாமந்தியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"மொத நாள்லருந்தேங்கப்பா."

"மொத நாளே ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"நீங்க மறுபடியும் பேசாமப் போயிருவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துண்டை எடுக்கவில்லை.

"ஒரு உசுரு போற விசயம். அதைச் சொல்லக்கூட எம் மூஞ்சியப் பாத்துப் பயப்படற மாதிரி வெச்சிருக்கேன் உன்னை," என்றார். "அந்த டாக்டரம்மா சீட்டு எங்க? எடுத்தா. ஒண்ணு விடாமப் படி."

படித்தேன். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டார். வலைக் கண் எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும், நகம் மாட்டாதா, வெயில் எத்தனை மணிக்கு, நிழல் எந்தப் பக்கம். எனக்குப் பதில் தெரியாததற்கு மேடத்துக்கு போன் போடச் சொல்லி அவரே கேட்டார். பிறகு கடைக்குக் கிளம்பினார். கருவிகள் எல்லாம் சாமி முன்னால் இருக்கின்றன, மறுபூஜை போடாமல் எடுக்க மாட்டீர்களே என்றேன். ஒரு கற்பூரம் காட்டினால் மறுபூஜைதான், சாமிக்கு அவசரம் புரியும் என்று சொல்லிவிட்டுப் போனார். தசரா ஊர்வலம் பார்க்க ஊரே ஒரு பக்கம் முட்டிக்கொண்டிருக்க, தலையில் வலைச் சுருளும் கையில் கருவிப் பையுமாக, முட்டி வலியோடு கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்து வந்தார் எங்கள் அப்பா. போலீஸ்காரர் இரண்டு இடத்தில் நிறுத்தி, இன்றைக்குப் போய் என்ன வேலை என்று கேட்டாராம். வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாராம்.

பொன் பட்டைகளை அவரே பிரித்தார். நான் ஸ்குரூக்களை வாங்கி ஒரு கிண்ணத்தில் போட்டேன். பின்பக்கக் கண்ணாடியைக் கழற்றும்போது ஒரு நிமிஷம் அதில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது, இரண்டும் அழுது வீங்கியிருந்தன. அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சட்டத்தையே உயரமாக நிறுத்தி நாலு பக்கமும் வலை கட்டினார். ஜன்னல் சட்டத்தில் மழைத் தண்ணீர் வெளியே போக அடியில் ஓட்டை விடுவார்களே, அதே கணக்கில் அடித்தட்டைச் சாய்த்து, சொட்டுகிற தண்ணீர் ஒரு மூலையில் இறங்கும்படி செய்தார். இது மேடத்தின் தாளில்கூட இல்லை. செம்பருத்தித் தொட்டி அப்படியே உள்ளே போனது, கொய்யாக் கிளைகள் குறுக்கும் நெடுக்குமாக. மேலே தலைகீழாக ஒரு பாட்டில், அதில் கிளினிக்கிலிருந்து நான் கொண்டுவந்த புது டிரிப்ஸ் குழாய், திருகினால் சொட்டு கூடும், குறையும். உயரத்தில் இருந்தால்தான் பச்சோந்திக்குப் பயம் தெளியும் என்று படித்ததும், காலைவெயில் விழுகிற ஜன்னலோரம் சுவரில் தாங்கி அடித்து நம் தலைக்கு மேலே வைத்தார். வெயிலே வராத நாளுக்கென்று தனி விளக்கு ஒன்றை மேடம் வாங்கித் தந்தார்.

சாயங்காலம் அம்மாவும் அத்தையும் பிள்ளைகளும் திரும்பி வந்தபோது ஹால் முழுக்கக் கண்ணாடியும் ரோஜாக் கொடியும் சிதறிக் கிடந்தன. என்னண்ணா, அவ்வளவு அழகா இருந்ததைப் பிரிச்சுப் போட்டுட்டியே என்றாள் அத்தை. "அது எனக்கு அழகு. அதுக்கு ஆகலை," என்றார் அப்பா. அம்மா உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்தாள்.

எம்எல்ஏ பிழைத்துக்கொண்டது. தெளிய இரண்டு வாரம் ஆயிற்று. அதன்பிறகு என்னைவிட அப்பாவோடுதான் சிநேகம். கடையிலிருந்து வந்ததும் அவர் சட்டைப் பாக்கெட்டில் ஒரு தீப்பெட்டி இருக்கும், அதில் வெட்டுக்கிளி இருக்கும். அந்த வருஷத்துச் சாயங்காலங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. அப்பா நாற்காலி போட்டு அண்ணாந்து உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு என்ன நிறம், என்ன தின்றது என்று என்னிடம் சொல்வார். அப்படியே கடைக் கதை, ராமாபுரத்துக் கதை, அந்த வரன் விஷயத்தில் தனக்கு எவ்வளவு தலைக்குனிவாக இருந்தது என்பதுவரை எல்லாம் சொன்னார். எனக்கு எவ்வளவு வலித்தது என்று நானும் சொன்னேன். அம்மாவின் தபால் வேலை அத்தோடு போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணமாகி ஓசூருக்கு வந்துவிட்டேன். நானாகச் சரி என்று சொன்ன இடம், வேலைக்கும் போகிறேன். மேடத்திடம் சொல்லிக் காகிதங்களை அப்பா பேருக்கு மாற்றினோம், எம்எல்ஏ அவரிடமே இருந்தது. அப்பாவுக்கு போனில் பேசவே வராது. அம்மா பேசும்போது பின்னாலிருந்து இரண்டு வார்த்தை சேர்ப்பார், அவ்வளவுதான். போன வருஷம் ஒரு நாள் காலையில் அவர் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது.

"பாப்பா, எம்எல்ஏ காத்தால போயிட்டாருடா கண்ணு. வயசாயிருச்சு, செம்பருத்தியப் புடிச்சுக்கிட்டே போயிட்டாரு. உங்கம்மா பையப் பக்குவமாச் சொல்லலாம்னா. நான்தான், வேண்டாம், நானே நேராச் சொல்றேன்னுட்டேன்."

அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் ரொம்ப நேரம் போனை வைக்கவில்லை. இப்போது எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், இன்னும் பேச்சு வராத வயது. அவள் பேசத் தொடங்கும்போது எதைச் சொல்வதற்கும் என் முகத்தைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்துவிடக் கூடாது என்பதைத் தவிர, பெரிதாக நான் எதையும் வேண்டிக்கொள்வதில்லை.